போனின் அந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

சீரியலின் நூற்றுப் பன்னிரண்டாம் பகுதி. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த என் கதாநாயகி இன்றைக்கும் துணிக்கடை மாடிப்படியில் நின்று அண்ணனுக்குப் போன் செய்கிறாள். "நல்லா இருக்கேண்ணா. சாப்பிட்டேன். வேலை ஒண்ணும் கஷ்டமில்ல." வைத்துவிடுகிறாள். அண்ணன் முகமும் கிடையாது, குரலும் கிடையாது. அதற்கென்று ஒரு நடிகரைப் போட மாட்டார்கள். பதினெட்டு வருடமாக இப்படி ஒரு பக்கம் மட்டுமே எழுதிப் பிழைக்கிறேன்.

மார்ச் 5

சேனலில் கூட்டம். "சார், அந்தப் பொண்ணு மேல யாருக்கும் பாசமே வரல. போன் சீன் வந்தாலே சேனலை மாத்திடறாங்க" என்றாள் கதைப் பிரிவின் தலைவி. என் மகள் வயது. இயக்குநர் பலமாகத் தலையாட்டினான். ஒரு காலத்தில் என்னிடம் உதவியாளனாக இருந்தவன். அப்போதும் தலைதான் ஆட்டினான்.

பதினாறாம் தேதி எடுக்கும் போன் காட்சி தேறாவிட்டால் வேறு எழுத்தாளராம். அந்த வேறு எழுத்தாளர் வெளியே சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வணக்கம் வேறு.

மார்ச் 6

நடிகை கேட்டாள்: "அண்ணன் அந்தப் பக்கம் என்னதான் சார் சொல்றாரு?"

"ஏதோ சொல்றாம்மா. மூணு எண்ணிட்டு அடுத்த வசனத்தைப் பேசு."

"எண்ணிட்டுதான் சார் இருக்கேன். அதான் மூஞ்சில தெரியுது."

திமிர். ஆனால் தெரியத்தான் தெரிகிறது.

மார்ச் 8

அந்த அண்ணனுக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தாலே என் அண்ணன் குரல்தான் வருகிறது. அதுவும் ஒரே வரி: "விருந்தாளி வந்துட்டாரு, நாற்காலி போடுங்கப்பா!" அப்பா இறந்த அன்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்த என்னைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால். நான் உட்காரவில்லை. மூன்று மணி நேரம் நின்றேன். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

மார்ச் 9

எழுதவில்லை.

மார்ச் 11

எங்கள் சண்டை எதுவும் என் மனைவியைத் தொட்டதில்லை. ஞாயிறு தவறாமல் ஓர்ப்படியோடு, அதாவது என் அண்ணியோடு, போனில் அரட்டை.

"உங்க அண்ணன் ஒரு நாள் விடாம உங்க சீரியலைப் பாக்கறாராம்."

"பாத்துட்டு?"

"அந்தப் பொண்ணைத் திட்டறாராம்."

"எதுக்கு?"

"நீங்களே கேளுங்க. நான் என்ன தபால்காரியா?"

மார்ச் 13

போன் செய்தேன். வேலைக்காக. வேலைக்காக மட்டும்.

"யாரு?"

"நான்தான்."

மூன்றுக்கு மேல் எண்ணிவிட்டேன்.

"சொல்லு."

"அந்தப் பொண்ணை ஏன் திட்டறே?"

"திட்டாம? நல்லா இருக்கேங்கறா, சாப்பிட்டேங்கறா, வச்சிடறா. நீ எப்படி இருக்கேன்னு ஒரு தடவ கேட்டாளாடா? அண்ணங்காரன் இருக்கானா செத்தானான்னாவது அவளுக்குத் தெரியுமா?"

"அந்த வேஷத்துக்கு ஆள் இல்லண்ணா."

"ஆள் இல்லன்னா கேக்கக் கூடாதா?"

சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நானும் கேட்கவில்லை.

மார்ச் 14

பழைய தாள்களையெல்லாம் புரட்டினேன். நாற்பத்தொரு போன் காட்சிகள். ஒன்றில்கூட அவள் எதையும் கேட்கவில்லை. எழுதியது யார்? நான்தானே?

மார்ச் 15, ஞாயிறு

மறுபடியும் போன். "எப்படிண்ணா இருக்கே?" அவ்வளவுதான் கேட்டேன். நாற்பது நிமிடம்! வலது கண்ணில் புரை, முழங்கால், பக்கத்து நிலத்துக்காரனோடு வரப்புத் தகராறு, நாய் குட்டி போட்டது. அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நான் வைக்கவில்லை. நாற்காலியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மார்ச் 16

கதாநாயகிக்கு ஒரே வசனம்: "நீ எப்படிண்ணா இருக்கே?" அதன் கீழே ஒரு பக்கம் முழுக்க அண்ணனின் பதில். கண், முழங்கால், வரப்பு, நாய். நடிகை படிக்க மட்டும். படித்துவிட்டுப் போனோடு கேமரா முன்னால் நின்றாள். எண்ணவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். நாய்க்குட்டிக்கு லேசாகச் சிரித்தாள்.

"இவ்வளவு பெரிய மௌனமா சார்?" என்று இயக்குநர் முனகினான். ஆனால் 'கட்' சொல்லவில்லை.

மார்ச் 20

காட்சி பரவலாகப் பேசப்பட்டதாம். இருந்தும் எழுத்தாளர் மாற்றம் முன்பே முடிவானதாம். இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மனைவி போனை நீட்டினாள். "உங்களுக்குத்தான்."

"என்னடா, இந்த வாரம் அவ திரும்பவும் எதுவுமே கேக்கல?"

"இப்ப நான் எழுதலண்ணா."

"தெரிஞ்சுது."

வியாழக்கிழமை கண் ஆபரேஷனாம். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி பேரைச் சொன்னான். நான் வருகிறேன் என்றேன்.

"நாள் பூரா ஆகும்டா. ஆஸ்பத்திரியில உக்கார நாற்காலிகூடக் கிடைக்காது."

"பரவால்ல. நின்னு பழக்கம்தான்."

அந்தப் பக்கம் சிரித்தான்.