உமிக் கூடையும் மண் கூடையும்

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், சூளையும் நலம், சூளை நலம் என்று எழுதும்போதே கை துள்ளுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே, அங்கே குளிர் குறைந்ததா. போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், அதனால்தான் கடிதம். வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு நாளாக அவள் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

போன தடவை நீ வந்திருந்தபோது நமக்குள் நடந்தது நினைவிருக்கும். மண் எடுக்கும் அனுமதியைப் பாதியாக்கிவிட்டார்கள், மழைக்கு முன் சூளையை மூடவேண்டியதுதான் என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நீயோ அரிசி ஆலை உமியையும், கல் மெருகேற்றும் பட்டறை வெளியே கொட்டும் தூளையும் மண்ணோடு கலந்து செங்கல் அறுக்கலாம் என்றாய். குப்பையைச் சுட்டால் குப்பைதான் வரும், அந்தக் கல் நின்றால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீ கலவை அளவைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்தோம். பத்துக் கூடை மண்ணுக்கு ஒரு கூடை உமி, ஒரு கூடை கல்தூள் என்று நீ எழுதியபடியே மேஸ்திரி கலந்தார். சூளை பிரித்தால் கல்லெல்லாம் பொத்தல். ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டோம், முழுகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் குமிழி விட்டுக்கொண்டே போனது, எடுத்தால் பாதிதான் கையில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு வந்து இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டேன். மறுநாள் வேலையாட்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான், நான் ஜெயித்தால் பதினெட்டுக் குடும்பத்துக்கு வேலை இல்லை என்பது உறைத்தது.

அம்மா சாக்கு எடுக்கக் கொட்டகைக்கு வந்தவள் கூடைகளைப் பார்த்து நின்றுவிட்டாள். உமி லேசு என்பதால் நம் உமிக் கூடை ஒரு ஆள் உள்ளே உட்காரும் அளவு, மண் கூடை தலையில் தூக்குகிற அளவு. மண் கூடையால் உமியை அள்ளிப் பெரியதில் கொட்டிப் பார்த்தாள், நான்கு பிடித்தது. அவ எழுதினது சரிதான், உங்க கூடைதான் பெருசு என்றாள். மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த சூளைக்கு எல்லாம் ஒரே கூடை. கல்லுக்குள் இருக்கும் உமியே எரியும், விறகு பாதி போதும் என்று நீ அடிக்கோடு போட்டிருந்தாய். பழக்க தோஷத்தில் என் கை விறகுக்குப் போகும்போதெல்லாம் அம்மா தட்டிவிட்டாள். கல்லைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனோம். இயந்திரத்தில் வைத்து அழுத்தினார்கள், அளவு காட்டும் முள் ஏற ஏற நான் கண்ணை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடம் கட்டும் இன்ஜினியர் கேட்ட அளவைத் தாண்டியும் உடையவில்லை. இதுல என்ன கலந்தீங்க என்று அங்கே குறிப்பு எழுதுகிறவர் கேட்டார், பாதி என் பொண்ணோட பிடிவாதம் என்றேன், அந்த மனிதர் அதையும் எழுதப் போனார். இன்ஜினியர் நம் கல்லையே கேட்டிருக்கிறார். சூளை மூடவில்லை வாண்டு.

முடிதிருத்துபவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் கத்தி வைத்தார். சூளை நாய் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. இப்படி ஒரு உதடு இருப்பதே முப்பது வருஷமாகத் தெரியாது என்கிறாள் அம்மா.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒரு போன் போடு. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னை அப்படிப் பேசியது தப்பு, நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த சூளை அடுக்கியாகிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக முதல் தீயை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை, இதற்கு நீதான் வைக்கவேண்டும். இன்ஜினியர் அவசரப்படுகிறார், என் மகள் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். மறக்காமல் லீவு சொல்லிவிடு. பஸ் நிலையத்துக்கு நானே வருவேன், என்னைத் தேடாதே, அடையாளம் தெரியாது, அம்மாவைப் பார்த்து வா.

மீசையில்லாத உன் அப்பா