குளத்தில் கால் வைத்தவன்

செந்துறையில் அம்மா கைச் சோறு தின்னும் மகராசிக்கு,

சிரிக்காதே. சிலந்திப் புழு வந்த காலைக் குடிதண்ணீர்க் குளத்தில் வைத்தால் ஊருக்கே நோய் பரவும் என்று உபதேசம் செய்த எனக்கே நரம்புச் சிலந்தி வந்துவிட்டது. கணுக்காலில் புழு எட்டிப் பார்க்கிறது. எரிச்சல் தாங்காமல் இரண்டு தடவை குளத்தில்தான் காலை நனைத்தேன்.

நேற்று ஊர்க்கூட்டம்.

"குடிக்கிற தண்ணியில எறங்குனது ஆருய்யா?" என்றார் மணியக்காரர். எல்லோரும் கால்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டோம்.

"வேற ஆருங்க? சேரி செல்லமுத்துதான்!" என்றது ஒரு குரல்.

"வாத்தியாரே, நீங்க என்ன சொல்றீங்க?"

தலையாட்டினேன். அறுவடை முடியும்வரை அவனுக்கு யாரும் வேலை கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

குற்றவாளி அகப்பட்டால்தான் குழந்தையோடு திரும்புவேன் என்றாயே, அகப்பட்டுவிட்டான். புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் நொண்டி வாத்தியார்

பி.கு.: சேரிக்காரர் எவரையும் அந்தக் குளத்துப் படியில் நாம் ஒருநாளும் இறங்கவிட்டதில்லை.