நூல் சுற்றிய ஊசி

பங்குனி 6, சனி

திங்கட்கிழமை நர்ஸ் செய்முறைப் பரீட்சை. படிப்பு ஓடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன்.

எங்கள் வார்டில் காச நோய்க்குப் படுத்திருந்த நாகலாபுரத்து வெள்ளையம்மாள் போன வாரம் இறந்துபோனாள். எனக்குக் கை பழகட்டும் என்று அவளுடைய தினசரி ஊசியை என்னிடம் விட்டிருந்தார்கள். "வலிக்குதா?" என்று கேட்பேன். "எறும்பு கடிச்சாப்புல கூட இல்ல தாயி" என்பாள். எனக்கு லேசான கை என்று ஹாஸ்டலில் பீற்றிக்கொண்டேன்.

இன்று காலை அவள் புருஷன் அவளுடைய தூக்குவாளியை வாங்கிப்போக வந்தார். ஆடு மேய்க்கிறவர்.

"ஊசி போட்ட எடம் கல்லா வீங்கி ராத்திரியெல்லாம் அழுதா. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா. பரீச்சைக்குப் படிக்கிற பிள்ள, கை பதறிரும்னா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம். தூக்குவாளியைத் துடைத்துக் கொடுத்தேன்.

பிற்பகலில் வார்டு சிஸ்டர் எனக்குப் பரீட்சை ஒத்திகை வைத்தார். திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துப் போடும் ஊசிகளில், ராசியானது என்று நான் நூல் சுற்றி அடையாளம் வைத்திருந்ததையே எடுத்தேன். போடுவதற்கு முன் முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். இழை மாட்டினால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். வார்டு அவசரத்தில் நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். இழை மாட்டியது. ஊசியை ஒதுக்கி வைத்தேன்.

"இதத்தான்ட்டி பரீச்சையில பாக்கப் போறாவ. பத்துக்குப் பத்து" என்றார் சிஸ்டர்.

வெள்ளையம்மாளுக்கு அத்தனை நாளும் போட்டது அந்த ஊசிதான்.