பழைய பிராசஸரே இருக்கட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று சிரிப்பாய். சிரித்துவிட்டு முழுதும் படி. மூக்குக் கண்ணாடிக் கடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் சுற்றி வருகிற தாளில் எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுத முடியவில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே? பிறவிப் பிடிவாதம், விடுமா! விழுந்தால் தூக்கிவிடக்கூட ஆள் இல்லாமல் தனியாக இருக்கிறாய். உன் புதுக் கண்ணாடியை நானே சரிபார்த்துப் பார்சலில் போட்டிருக்கிறேன்.

இப்போது கம்ப்யூட்டர் விஷயம். பிராசஸர் பழசாகிவிட்டது, மாற்றினால்தான் வேலை ஓடும் என்று என் பிள்ளை, உன் செல்ல வாலு, உன்னிடம் மூக்கால் அழுதானாம். நீயும் பெரியம்மா இருக்கிறேன்டா என்று வாக்குக் கொடுத்துவிட்டாயாம். அது அவன் அப்பா இருந்த காலத்தில் வாங்கியது. பொத்தானை அமுக்கிவிட்டுப் பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு வந்தாலும் திரை முழித்திருக்காது. மாற்றித் தொலைக்கட்டுமே என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டிலிருந்தே போனில் பேசுகிற வேலை கிடைத்து, பிள்ளை ஒருவழியாகக் கரையேறிவிட்டான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு கூத்துப் பண்ணினேன். மைக் சரியாக இருக்கிறதா பார்க்கணும், கொஞ்சம் பேசும்மா என்றான். செய்தித்தாளை எடுத்து ராகம் போட்டுப் படித்தேன். கோபமாகப் பேசு என்றான். அவனையே திட்டினேன், அதற்கு எனக்கு ஒத்திகை வேண்டுமா என்ன? அப்புறம், "அழுற மாதிரி பேசும்மா" என்றான். நானும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுகாட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

போன வாரம் அவன் வெளியே போயிருந்த நேரம், கடைக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மூடியைக் கழற்றித் தூசி தட்டிவிட்டு, "போன்ல பேசுற வேலைக்கு இதுவே தாராளம்ங்க, மாத்துறது தண்டச் செலவு" என்றார். அப்புறம் உள்ளே என்னதான் ஓடுகிறது என்று பார்த்தவர் முகம் மாறிவிட்டது. மைக்கில் ஒரு வார்த்தை பேசினார். பெட்டி இரைந்தது. கொஞ்சம் பொறுத்து, உடைந்து உடைந்து, அந்த வார்த்தை என் குரலில் வெளியே வந்தது. என் குரல், அக்கா!

பழைய பிராசஸர் என்பதால்தான் திக்குகிறதாம். "புதுசு போட்டா பேசப் பேச அப்படியே போகும். உங்களைப் பெத்தவங்களுக்கே வித்தியாசம் தெரியாது" என்றார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. தான் வந்துபோனதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் பிள்ளையை உலுக்கிக் கேட்டேன். மறைக்கவில்லை. கம்பெனி என்று சொல்லிக்கொள்கிறவர்களை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. முதலில் முன்பின் தெரியாதவர்களிடம் பேங்க் ஆள் மாதிரிப் பேசிப் பணத்தைக் கறக்கச் சொன்னார்களாம். நின்றுகொள்கிறேன் என்று இவன் சொன்னதும் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். நான் காலையில் கடை ஷட்டரைத் தூக்குகிற போட்டோ. இப்போது அம்மா குரலில் பேசி, சொந்தக்காரர்களிடமிருந்து ஆரம்பி என்கிறார்களாம். உன்னிடம் பிராசஸர் கேட்டதுகூட அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். பெரியம்மா மனசு இளகுமா என்று பார்த்தார்கள். நீ இளகிவிட்டாய்.

"இந்த டப்பாவுல முடியல முடியலன்னு சொல்லித்தாம்மா இத்தனை நாள் இழுத்தடிச்சேன்" என்று தேம்பினான். போலீசுக்குப் போகலாம் என்றேன். முதல் விலங்கு எனக்குத்தாம்மா என்றான். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

நீ எதுவும் அனுப்ப வேண்டாம். அவர்களே புது பிராசஸரை அனுப்பிவிட்டார்கள். முந்தாநாள் அட்டைப்பெட்டி வாசலில் கிடந்தது. போடட்டுமா வேண்டாமா, நீயே சொல்லும்மா என்றான். போட்டால் உனக்குக் கேடு, போடாவிட்டால் எனக்குக் கேடு. யோசிக்கவே இல்லை, வேண்டாம் என்றேன். நேற்று அந்தப் பெட்டியைக் கையோடு கடைக்குக் கொண்டுவந்து, பிரேம் வைக்கிற அலமாரியில் போட்டுப் பூட்டினேன். பழைய பிராசஸர் திக்கிக்கொண்டே இருக்கிறவரை உனக்கு ஆபத்தில்லை என்று நேற்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இதுவரை எழுதிவிட்டு, ஒரு வாடிக்கையாளருக்கு பிரேம் எடுக்க அலமாரியைத் திறந்தேன். ஏதோ உறுத்தியது, பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வெறும் பஞ்சுதான் இருக்கிறது. நான் கொண்டுவருவதற்கு முன்னாலேயே எடுத்து மாட்டிவிட்டான். இன்று காலையில் தொட்டவுடன் திரை வந்தது. தூசி தட்டியதால் என்று நினைத்தேனே, பாவி! என் உயிருக்குப் பயந்துதான் மாட்டியிருப்பான். அப்படி நம்பினால்தான் இன்றைக்கு அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியும்.

உடனே போனில் சொல்லலாம் என்று எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். என் குரலை நம்பாதே என்று என் குரலிலேயே எப்படிச் சொல்வேன்? நாளைக்கு அதே குரல், நேற்றுச் சொன்னதெல்லாம் விளையாட்டு என்று சொல்லுமே. என் கோழிக்கிறுக்கல் உனக்குத் தெரியும். கூரியர்காரர் வந்து நிற்கிறார், முடித்துவிடுகிறேன்.

இனிமேல் போனில் நான் பேசினால் வைத்துவிடு, அக்கா. அழுதாலும் வைத்துவிடு. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், நீ வந்தால்தான் பிழைப்பேன் என்று கெஞ்சினாலும் வைத்துவிடு. அது நிஜமாகவே நானாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வைப்பதற்கு முன்னால், என் குரலில் பேசுகிற அந்தப் பிள்ளையிடம், சாப்பிட்டியாடா என்று ஒரு வார்த்தை மட்டும் கேள்.

உன் தங்கை