மேல் வரிசை

ஜூன் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குள் முட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

மேற்குச் சுவர் மறுபடியும் கசிகிறது. நேற்றைய மழையில் பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரைவரைக்கும் ஈரம். இருமிக்கொண்டே படிக்கிறாள். "அம்மா, இந்த ரூம்ல மீன் வளக்கலாம்" என்கிறாள். சிரித்தேன். ஆனால் இரண்டு பேரும் கூடத்தில் ஒரே பாயில் படுத்து எனக்கு உடம்பெல்லாம் வலி.

செங்கல் தெரியும்படி பூசாமல் அந்தச் சுவரைக் கட்டியது நீங்கள். பூசிவிடலாம் என்று அன்றைக்கே சொன்னேன். "செங்கல்லோட அழக மூடக் கூடாது" என்றீர்கள். அழகு நன்றாகத்தான் இருக்கிறது, தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு. உள்ளே படுப்பது நாங்கள்.

போன மழைக்கு நானே ஆள் வைத்து, தண்ணீர் இறங்காத பூச்சு என்று கண்ணாடி மாதிரி ஒன்றை அடிக்கச் சொன்னேன். கீழ் வரிசையில் எறும்பு வருகிற சின்னச் சின்ன ஓட்டைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்தேன். அதற்கப்புறம் இன்னும் மோசம். என்ன செய்யட்டும்? முடிந்தால் நேரில் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 21

பாப்பா அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. இங்கே சைட்டில் ஆறாவது மாடி காங்கிரீட் போகிறது. லீவு என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

நீ அடைத்தது எறும்பு ஓட்டை இல்லை. செங்கல்லுக்குப் பின்னால் இறங்குகிற தண்ணீர் வெளியே போக நான் விட்ட வழி. அதையும் அடைத்து, மேலே பூச்சும் அடித்தால் தண்ணீர் எங்கே போகும்? பாப்பா பக்கம்தான் வரும். முதலில் அவற்றைக் குத்தித் திறந்துவிடு.

பூச்சைச் சுரண்டி எடுக்கச் சொல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற கலவை பொடிந்திருக்கும். விரல் நுனி நுழைகிற ஆழத்துக்கு அதைத் தோண்டிவிட்டுப் புதுக் கலவை திணிக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்ததாக இருக்கட்டும், வெறும் சிமெண்ட் வெடித்துவிடும். பழசை எடுக்காமல் மேலாகப் பூசி மெழுகினால் ஒரு மழைக்குக்கூட நிற்காது. குட்டையனைக் கூப்பிடு. என்னிடம் வேலை பார்த்தவன், வேலை சுத்தமாக இருக்கும்.

உச்சியில் செங்கல்லை நட்டுக்குத்தாக நிறுத்தி ஒரு வரிசை கட்டியிருக்கிறேன் அல்லவா? அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த வேலை எனக்குத்தான் வரும். வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன் முன்னால் நீ சொன்னது மறக்கவில்லை. "ஊருக்கெல்லாம் வீடு கட்டுறாரு, சொந்த வீடு ஒழுகுது." இப்போதும் ஒழுகத்தான் செய்கிறது. சந்தோஷம்தானே.

பாப்பாவை டாக்டரிடம் காட்டு.

அவள் அப்பா


ஜூலை 18

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வேலையும் நீங்கள் சொன்னபடியே நடந்தது.

கீழே ஓட்டைகளைத் திறந்ததும் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. "இத்தன நாளா அடக்கி வச்சிருக்கு அண்ணி, பாவம்" என்றார் குட்டையன். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது.

பூசி மெழுகினால் நிற்காது என்று நீங்களா எழுதினீர்கள்? நம் விஷயத்தில் இத்தனை காலமாக நாம் செய்துவந்தது வேறென்ன? அண்ணன் முன்னால் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. ஒழுகியது, சொன்னேன். அதற்காக ஒருவர் வீட்டை விட்டே போவாரா? ஆறு மாத வேலை என்றுதானே பையைத் தூக்கினீர்கள். அதற்குப் பிறகு எத்தனை ஆறு மாதம் போய்விட்டது.

"சாரம் கட்டியாச்சு, மேல் வரிசையையும் முடிச்சிடலாம் அண்ணி. அங்கதான் தண்ணி எறங்கும்" என்றார் குட்டையன். "அது அவரோட வேலை" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனார். சாரத்தைப் பிரிக்கவில்லை. பெரிய மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள். நானும் பழசைத் தோண்டத் தயாராகத்தான் இருக்கிறேன். சுவரைச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்காரி


ஆகஸ்ட் 2

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேல் வரிசையை எனக்காக விட்டு வைத்திருக்கிறாய்.

இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சாரம் அப்படியே இருக்கட்டும். சுண்ணாம்பை முந்தின நாளே ஊற வை. பாப்பாவுக்கு ஒரு மேசை விளக்கு வாங்கியிருக்கிறேன், சொல்லாதே.

உன் வீட்டுக்காரர்


செப்டம்பர் 16

பாப்பாவின் அப்பாவுக்கு,

சுண்ணாம்பை ஊற வைத்தேன். இருபதாம் தேதி காலையில் போன் செய்தீர்கள். "சைட்ல திடீர்னு வேல, அடுத்த வாரம் பாக்கலாம்." அடுத்த வாரமும் போனது, அதற்கடுத்ததும் போனது. நான் சண்டை போடவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

பிறகு பெரிய மழை வந்தது. சுவர் முழுக்கக் காய்ந்துதான் இருந்தது. மேல் வரிசையிலிருந்து மட்டும் ஒரு கோடு இறங்கி நேராகப் பாப்பாவின் தலையணைக்கு வந்தது. அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. ஒழுகும் என்று தெரிந்தே அதை விட்டு வைத்தவள் நான்தானே.

வெயில் வந்ததும் நானே சாரத்தில் ஏறினேன். "நீங்க எறங்குங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்று குட்டையன் கெஞ்சினார். கலவையை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் வெந்துவிட்டது. உங்கள் அளவுக்கு நேராக வரவில்லை. தெருவில் நின்று பார்த்தால் கோணல் தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று நல்ல மழை. உள்ளே நின்று சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பாப்பா கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டுக்கொண்டாள். சாரத்தைப் பிரித்தாகிவிட்டது.

இனி சுவருக்காக நீங்கள் வர வேண்டாம். எனக்காக என்றும் வேண்டாம். காத்துக் காத்து அலுத்துவிட்டது, கோபப்படக்கூடத் தெம்பில்லை. பாப்பாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், முந்தின நாள் சொல்லிவிட்டு. விளக்கைத் தபாலில் அனுப்பினால் போதும், பரீட்சை வருகிறது. முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி