மயக்க ஊசிக்கு முன் ஒரு லட்டு

தேவசேனா,

நான் மலைக்குப் போகவில்லை. கீழே திருப்பதியில், ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. தறிக்கொட்டகைச் சூட்டில் வந்த மூலம் என்று நானே முடிவு செய்திருந்தேன். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியும் என்கிறார் டாக்டர். என் நைனாவுக்கு வந்தது உனக்குத் தெரியும்.

நேற்று முழுக்க லாட்ஜில் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து குடித்தேன். இன்று காலை மயக்க ஊசி போட வந்த நர்ஸம்மா, "எதனா துன்னீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"பக்கத்துல ஒருத்தர் லட்டு குடுத்தாரு. பிரசாதமாச்சே, வேணாம்னு சொல்லலாமா?" என்றேன்.

"வயித்துல எதனா இருந்தா மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுல பூந்துக்கும். நாளைக்கி வாங்க. கூட ஒரு ஆள கூட்டிக்கினு வாங்க" என்று கடிந்துகொண்டாள்.

ஊசி போட்டால் வலியே தெரியாதாம். வலிக்கு நான் பயப்படவில்லை. கண் விழித்ததும் என்ன சொல்வார்களோ? இதை எழுதுவதற்குள் நாலு முறை எழுந்து நடந்துவிட்டேன்.

இன்னொன்று. அந்த லட்டை அவர் தானாகத் தரவில்லை. அடுத்து என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்ததும், நானே கேட்டு வாங்கித் தின்றேன்.

நாளை நகரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடு. தின்ன எதுவும் கொண்டுவராதே.

உன்னிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவன்