கூட்டத்தில் உன் கிளாரினெட்

குவார்ட்டர்ஸ், ஆவடி
20.10.1991

அன்பு மகன் ஜேம்ஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ஷில்லாங் குளிரில் நீயும் உன் பேண்டுக்காரப் பிள்ளைகளும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

லீவில் வந்த உன் சிநேகிதன் உங்கள் கச்சேரிக் கேசட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். கச்சேரியில் நீ தனியாக ஊத இடம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை அம்மா குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எல்லோரும் நம் வீட்டில் கூடிவிட்டார்கள். நீ விட்டுப்போன டெக்கும் ஆம்ப்ளிபையரும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஸ்பீக்கர் இரண்டையும்தான் எலி கடித்துக் குதறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பத்மா தன் சின்ன டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்தாள். அதில் அத்தனை பேர் ஊதுவதும் அடிப்பதும் ஒரே இரைச்சலாகக் கேட்டது. பத்மா கபடமில்லாமல், "இதுல நம்ம ஜேம்ஸு ஊதறது எது, அக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு அம்மா, "பெத்தவ எனக்கே தெர்லன்னா நான் இன்னாத்துக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. புதிது வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது, போனஸில் மிஞ்சியதற்குப் பழைய ஸ்பீக்கர் ஏதாவது பார்க்கலாம் என்று கேசட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் முகப்பேரில், சாமான்களை விற்றுவிட்டு மாற்றலாகிப் போகிற ஒருவர் வீடு. இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டி, பார்த்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது, கட்டிலை நகர்த்தியாவது வைத்துக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். கேசட்டைப் போட்டதும் டிரம் சத்தம் நெஞ்சில் இடித்தது. நான் பிரமாதம் என்றேன். அம்மா தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டுவிட்டு, "மோளம்தான் கேக்குது, எம்புள்ளயக் காணோம்" என்று எழுந்துவிட்டாள்.

அங்கிருந்து மண்ணூர்பேட்டையில் பழைய செட்டு விற்கிற துலுக்கானம் கடைக்குப் போனோம். நம் முன்னறையின் அளவைக் கேட்டுவிட்டு, "அவ்ளோ சின்ன ரூம்புக்குப் பெருசு வேணாம் சார், செவுத்துல மோதிகினு ஒண்ணும் வெளங்காது, இத்தக் கேளுங்க" என்று ஒரு சின்ன ஜோடியைத் துடைத்து வைத்தார். துணி கிழிந்து மூலை நசுங்கியிருந்தது. எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனாலும் உள்ளே சத்தத்துக்கு அதிர்கிற காகிதக் கூம்பை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை, பழுதில்லை. இரண்டையும் தள்ளித்தள்ளி வைத்து, "நடுவுல குந்துங்கம்மா" என்று அம்மாவுக்கு ஸ்டூல் போட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மா சட்டென்று கையைத் தூக்கி எங்களை அடக்கினாள். "மூச்சு இழுக்கிறான் பாரு, மேல போறதுக்கு மின்னாடி இப்டிதான் இழுப்பான்" என்றாள். எனக்கும் கேட்டது மகனே. மாடிப்படியில் உட்கார்ந்து நீ பழகும்போது இழுப்பாயே, அதே மூச்சு. அதன் பின்னால் உன் கிளாரினெட் எல்லோரையும் தாண்டித் தனியாக ஏறியது. துலுக்கானம் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பையனா சார்?" என்று எழுந்து நின்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, அந்த ஜோடிக்கே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் ஒரு பெட்டி என் மடியில், ஒன்று அம்மா மடியில். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடு என்றதும் அம்மா, "இதுல எம்புள்ள கீறான், அவனுக்கும் டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டில் சுவரோடு ஒட்டி வைத்தபோது கொஞ்சம் கும்மென்று இருந்தது, ஸ்டூல் போட்டு முன்னால் இழுத்து வைத்ததும் தெளிந்துவிட்டது. அம்மா மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டாள். பத்மா வாயைத் திறப்பதற்குள், "இரு இரு, இப்ப வருவான்" என்று விரலை நீட்டிக்கொண்டு நின்றாள் உன் அம்மா. நீ வந்தாய். பேக்டரியில் எனக்கு எத்தனையோ பாராட்டு கிடைத்திருக்கிறது, அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு நாளும் நான் உட்கார்ந்ததில்லை.

உதடு வெடிக்காமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். குளிரில் வெறும் வயிற்றோடு ஊதாதே. கர்த்தர் உன் மூச்சையும் விரல்களையும் காப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் நீளமாக ஒரு தனி வாசிப்பு வருகிறதே, அதுவும் நீதான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அதை வேறு யாராவது ஊதியிருந்தால் தயவுசெய்து எழுதாதே.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் அப்பா,
ஞா. உத்தமன்